இலை கற்பித்த இரசாயனம்

பொருள் அழிவதில்லை, அதன் உருவே மாறுகின்றது என்பது இரசாயன நூலார் கண்ட முடிபு. இதனை அறிதற்குத் தூரதேசம் போகவேண்டியதில்லை. பண்டத்தரிப்பையும் அதன் அயலூர்களையும் ஒருமுறை சுற்றிவந்தாற் போதும். சுண்ணக்கல்லைச் சூளையிலிட்டு நீறாக்குங்கால் அக்கல்லினின்றும் ஒரு வாயு வெளியேறுகின்றது. பனையிலிருந்து இறக்கிய கள்ளு முட்டியிற் பொங்கி நுரைக்கும்போது அந்நுரையினுள் இருப்பதும் அவ்வாயுவே. அடுப்பிற் கரி எரியும்போது பிறப்பதும், நாம் விடும் மூச்சிற் கலந்திருப்பதும் அதுவே. கல், கள், கரி, மூச்சு என்னும் இந்நான்கினின்றும் வெளிப்படும் இவ்வொரு வாயுவையே காபனீரொட்சைட்டு என்கின்றோம். கண்ணுக்குப் புலனாகாத இதனை மீளவும் பிடித்து மாவாகவும் சர்க்கரையாகவும் மரமாகவும் ஆக்கும் வல்லமை பச்சிலைக்கு உண்டு. அவ்வல்லமையில் ஒரு சிறு பங்கையேனும் உலோகத்துக்குக் கற்பிக்கலாமோ என்பது இன்று உலகின் பல ஆய்வுகூடங்களில் எழுப்பப்படும் வினா.

யான் வரலாறு கற்பிப்பவன். வெளிவாரியாகப் பயின்று பட்டம் பெற்றவன். இரசாயனம் எனக்குத் தொழிலன்று. எனினும் சில மாதங்களுக்கு முன் என் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், நனோத் துகள்களைச் சித்தர்கள் அந்தக் காலத்திலேயே அறிந்திருந்தார்களாம். செம்பையும் பொன்னையும் மூலிகைச் சாறு விட்டரைத்துப் பற்பமாக்கினார்களாம். அப்படியென்றால் கெட்ட காற்றைத் திருத்துகின்ற வித்தையும் எங்களுடையதுதானே?" என்று வினவினான். ஆம் என்றால் அவன் மகிழ்வான். இல்லை என்றால் முகம் வாடுவான். இரண்டில் ஒன்றை உடனே சொல்லிவிட என் மனம் இசையவில்லை. வரலாற்று வினாவுக்கு வரலாற்றினாலேயே விடை காணவேண்டும் என்று கூறி அவனை இருத்தினேன். அவனுக்குத் தேடிய விடையே இக்கட்டுரையாயிற்று.

நிறைகோலும் ஒரு மரமும்

இலை எதனை உண்டு மரத்தை வளர்க்கின்றது? மண்ணையே உண்கின்றது என்று பன்னூறு ஆண்டுகளாக மேனாட்டார் எண்ணியிருந்தனர். இவ்வெண்ணத்தை நிறுத்துப்பார்க்கத் துணிந்தவர் பிரசெல்சு நகரத்து மருத்துவர் வான் எல்மொன்று என்பவர். அவர் 200 இறாத்தல் உலர்ந்த மண்ணை ஒரு தொட்டியிலிட்டு, அதில் 5 இறாத்தல் நிறையுள்ள வில்லோ மரக்கன்றொன்றை நட்டு, நீரை மட்டுமே வார்த்து ஐந்தாண்டு வளர்த்தார். பின்னர் நிறுத்தபோது மரம் ஏறக்குறைய 169 இறாத்தலாயிருந்தது. மண்ணிற் குறைந்ததோ சுமார் இரண்டு அவுன்சு மாத்திரமே. எனவே மரம் முழுவதும் நீரினாலேயே ஆயது என அவர் முடிவுசெய்தார். இச்செய்தி அவர் இறந்தபின் 1648ஆம் ஆண்டில் வெளிவந்த நூலிற் காணப்படுகின்றது.

அவர் செய்த சோதனை சிறந்தது. கண்ட முடிபு பிழையானது. தொட்டியையும் மண்ணையும் மரத்தையும் நிறுத்த அவர், மரத்தைச் சூழ்ந்திருந்த காற்றை நிறுக்க எண்ணவில்லை. இதில் வியப்பு யாதெனில், "காசு" என வழங்கும் வாயுவின் மேனாட்டுப் பெயரையே ஆக்கி உலகுக்கு அளித்தவர் இவர்தாம். 62 இறாத்தல் மரக்கரியை எரித்தால் ஓர் இறாத்தல் சாம்பலே எஞ்சுகின்றது, ஏனையது வாயுவாய்ப் போகின்றது என்றும், புளித்துப் பொங்கும் மதுவிலும் அதே வாயு எழுகின்றது என்றும் எழுதியவரும் இவரே. தம் மரத்தை வளர்த்த பொருளுக்குத் தாமே பெயரிட்டிருந்தும் அதனைத் தம் தொட்டியருகே அவர் தேடவில்லை. நிறுக்காது விட்ட ஒன்று நிறுத்தவற்றையெல்லாம் பொய்யாக்கக் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அவ்வாயுவை முதன்முதலாக ஒழுங்காக நிறுத்தவர் சுகொத்துலாந்து நாட்டு யோசேப்பு பிளாக் என்னும் பேராசிரியர். 1756ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்வினால், சுண்ணக்கல் சுடப்படும்போது இழக்கும் நிறை அதனுள் அடங்கியிருந்த வாயுவின் நிறையே என்பது நிலைநாட்டப்பட்டது. இன்றைய கணக்கின்படி 100 தொன் தூய சுண்ணக்கல் சுடப்பட்டால் 56 தொன் நீறும் 44 தொன் காபனீரொட்சைட்டும் உண்டாகும். அந்நீறு குழைத்துச் சுவரில் வெள்ளையடிக்கப்பட்டதும் காற்றிலுள்ள அவ்வாயுவை மெல்லமெல்லத் திரும்பப் பெற்று மீண்டும் கல்லாய் இறுகுகின்றது. தெளிந்த சுண்ணாம்பு நீரிற் குழாய்வழியே ஊதினால் அது பால்போல வெளுப்பதை எம் மாணவர் ஆண்டுதோறும் செய்துபார்க்கின்றனர். அதுவும் இதன்பாற்பட்டதே.

பின்னர் 1771இல் ஆங்கில நாட்டுப் பிறீத்துலி, மெழுகுவர்த்தி எரிந்து கெட்ட காற்றைப் புதினாச் செடி நன்னிலைக்குக் கொணர்வதைக் கண்டார். 1779இல் ஒல்லாந்தராகிய இங்கன்கவுசு, அத்தொழில் வெயிலிலேயே நிகழும், அதுவும் பசிய உறுப்புக்களிலேயே நிகழும் என்று காட்டினார். 1782இல் செனீவா நகரத்துச் செனெபியர் அதற்குக் காபனீரொட்சைட்டு இன்றியமையாதது என்றார். 1804இல் அதே நகரத்துச் சொசூர் என்பவர் வாயுவையும் நீரையும் செடியையும் ஒருங்கே கணக்கிட்டு, மரத்தின் உடல் வாயுவாலும் நீராலும் ஆயது என நிறுவினார். எல்மொன்றின் கணக்கைத் திருத்துவதற்கு 156 ஆண்டுகள் சென்றன.

தரகரும் சீதனமும்

இனி உலோகத்தின் கதைக்கு வருவோம். சில பொருள்கள் தாம் செலவழியாமலே பிறபொருள்களிடையே தாக்கத்தை விரைவுபடுத்துகின்றன. சுவீடன் நாட்டுப் பேசீலியசு 1835ஆம் ஆண்டில் இதற்கு ஒரு பெயரிட்டார். அத்தகைய பொருளை நாம் ஊக்கி என்கின்றோம். கலியாணத் தரகர் இருவீட்டாரையும் பொருத்திவைத்துத் தாம் விலகி அடுத்த வீட்டுக்குப் போவது போல்வது ஊக்கியின் தொழில். ஆயின் ஒன்றை மறத்தலாகாது. சீதனத்தைத் தரகர் கொடுப்பதில்லை. அவ்வாறே தாக்கத்துக்கு வேண்டிய சத்தியை ஊக்கி கொடுப்பதில்லை. அது வேறிடத்திலிருந்து வரவேண்டும். காபனீரொட்சைட்டு, எரிந்து முடிந்த ஒரு பொருள். எரிந்ததை மீண்டும் எரிபொருளாக்க வேண்டுமாயின், எரிந்தபோது வெளிப்பட்ட சத்தியையேனும் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். இலைக்கு அதனைச் சூரியன் கொடுக்கின்றான்.

பிரான்சின் தூலூசு நகரத்துப் பேராசிரியர் சபத்தியே என்பவரும் அவர்தம் துணைவர் செந்திரன்சும் 1902இல் காபனீரொட்சைட்டையும் ஐதரசனையும் சூடாக்கிய நிக்கல் தூளின்மேற் செலுத்தி மெதேன் வாயுவையும் நீரையும் பெற்றனர். எரிந்தது மீண்டும் எரியத்தக்கதாயிற்று. நுண்ணிய தூளாக்கிய உலோகங்களை ஊக்கியாகக் கொண்டு ஐதரசன் ஏற்றும் முறையைக் கண்டமைக்காகச் சபத்தியே 1912இல் நோபெற் பரிசில் ஒரு பாதியைப் பெற்றார். இங்கே "நுண்ணிய தூள்" என்பதே கவனிக்கத்தக்கது. தாக்கம் உலோகத்தின் மேற்பரப்பில் நிகழ்வது. உள்ளே புதைந்த அணுக்களுக்கு அதிற் பங்கில்லை. ஒரு சதமமீற்றர் பக்கமுள்ள செப்புக் கனத்தின் மேற்பரப்பு 6 சதுர சதமமீற்றர். அதனையே பத்து நனோமீற்றர் பக்கமுள்ள சிறு கனங்களாக வெட்ட முடியுமாயின் அவற்றின் மேற்பரப்பு 600 சதுர மீற்றராகும். அதாவது எம்மூர்க் கணக்கில் இரண்டு பரப்புக் காணிக்கு மேல். ஒரு நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் பத்திலட்சத்தில் ஒரு கூறு. சுண்டுவிரல் நுனியில் வைக்கத்தக்க செம்பு ஒரு தோட்டத்தளவு விரிவதன் காரணம் இதுவே.

சபத்தியேயின் முறைக்குக் கடும் வெப்பமும் ஐதரசனும் வேண்டியிருந்தன. யப்பான் நாட்டுச் சீபா பல்கலைக்கழகத்து ஓரி என்னும் பேராசிரியர் வேறொரு வழியைக் காட்டினார். நீரிற் கரைந்த காபனீரொட்சைட்டின்மீது மின்னோட்டத்தைச் செலுத்தி, மின்வாய் எந்த உலோகமோ அதற்கேற்ப விளைவும் மாறுவதை அவரும் அவர்தம் குழுவினரும் 1985ஆம் ஆண்டளவில் ஒழுங்குபட அளந்தனர். பொன்னும் வெள்ளியும் காபனோரொட்சைட்டைத் தந்தன. ஈயம் முதலியன போமிக்கமிலத்தின் உப்பைத் தந்தன. செம்பு ஒன்றே மெதேனையும் எதிலீனையும் கணிசமாகத் தந்தது. அடுக்களைச் செம்புக்கு இத்தகைய தனிக்குணம் இருக்குமென எவரும் முன்னர் எதிர்பார்த்திருக்கவில்லை.

இயற்கையின் உலைக்களம்

உலோகத்தை இத்தொழிலில் முதலிற் பயன்படுத்தியது மனிதனல்லன். இலையினுள்ளே காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் நொதியத்தில் மகனீசியம் உண்டு. அதன் வழி யாது என்பதைக் கதிர்த்தொழிற்பாடுடைய காபனைக் கொண்டு படிப்படியாகத் தொடர்ந்து கண்டமைக்காக அமெரிக்கரான கல்வின் 1961இல் நோபெற் பரிசு பெற்றார். அந்நொதியம் மிக மந்தமானது. ஒரு செக்கனுக்குச் சில மூலக்கூறுகளையே கையாளும். எம் குருதியிலுள்ள மற்றொரு நொதியம் நாகம் என்னும் உலோகத்தைத் தாங்கியது. அது காபனீரொட்சைட்டை நீருடன் சேர்ப்பதில் ஒரு செக்கனுக்குப் பத்திலட்சமளவு மூலக்கூறுகளைக் கையாள வல்லது. சில நுண்ணுயிர்களிடத்தே காபனீரொட்சைட்டையும் காபனோரொட்சைட்டையும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றும் நொதியம் உண்டு. அதன் நடுவே ஒரு நிக்கல் அணுவும் நான்கு இரும்பணுக்களும் கந்தகத்தாற் கோக்கப்பட்டு அமைந்திருத்தல் 2001ஆம் ஆண்டிற் புலனாயிற்று. சபத்தியேயின் உலையில் இருந்ததும் நிக்கல். நுண்ணுயிரின் உடலில் இருப்பதும் நிக்கல். ஒன்று கொதிநீரினும் பன்மடங்கு சூட்டை வேண்டிற்று. மற்றையது கொதியாத நீரிலேயே தொழில் செய்கின்றது. பொருளில் வேற்றுமையில்லை, அது வைக்கப்பட்ட இடத்திலும் அதனைச் சூழ்ந்த அமைப்பிலுமே வேற்றுமை உளது.

ஆகவே உயிர்களைப் பின்பற்றி ஊக்கி செய்வோர் இரு வழிகளிற் செல்கின்றனர். ஒரு சாரார் நொதியத்தின் அமைப்பைப் பார்த்து, உலோக அணுக்களை அதுபோல ஒழுங்குசெய்ய முயல்கின்றனர். மற்றொரு சாரார் உலோகத் துகளை ஆக்கும் வேலையையே தாவரத்திடம் ஒப்படைக்கின்றனர். இரண்டாம் வழியிற் புகழ்பெற்ற ஆய்வொன்று பாரத நாட்டிலேயே நிகழ்ந்தது. புனே நகரத்துத் தேசிய இரசாயன ஆய்வுகூடத்தில் முரளி சாஸ்திரியும் அவர்தம் குழுவினரும் வேப்பிலையை நீரிற் காய்ச்சி வடித்த சாற்றை வெள்ளி, பொன் உப்புக் கரைசல்களுடன் கலந்து, அவ்வுலோகங்களின் நனோத் துகள்களைப் பெற்றமையை 2004இல் வெளியிட்டனர். கடும் நச்சு இரசாயனங்கள் செய்யும் தொழிலை வேப்பிலைச் சாற்றிலுள்ள பொருள்களே செய்தன. ஆக்கிய துகளை ஒன்றோடொன்று ஒட்டாவண்ணம் போர்த்தும் காத்தன. அதன்பின் எண்ணற்ற இலைச்சாறுகளைக் கொண்டு வெள்ளியும் பொன்னும் செம்பும் துகளாக்கப்பட்டு, பல தாக்கங்களுக்கு ஊக்கியாகச் சோதிக்கப்பட்டு வருகின்றன.

பற்பமும் நனோத் துகளும்

இவ்விடத்தில் மாணவனின் வினா மீண்டும் எழுகின்றது. வேப்பிலைச் சாறும் உலோகமும் கூடுவது எமக்குப் புதிதோ? செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் வழங்கிய நாடு இது. உலோகத்தைச் சுத்திசெய்து, மூலிகைச் சாறு விட்டுக் கல்வத்தில் அரைத்து, வில்லை தட்டி, அகலிலிட்டுச் சீலைமண் செய்து, வறட்டியடுக்கிப் புடமிடும் முறையை எம் பரியாரிமார் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டனர். முடிந்த பற்பம் விரல் இரேகையுட் புகவேண்டும், நீரில் இட்டால் மிதக்கவேண்டும் என்று அவர்கள் வகுத்த சோதனைகள் நுண்மையை அறியும் சோதனைகளே. இக்காலத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியினாற் பார்த்தபோது சில பற்பங்களில் நனோ அளவினதான துகள்கள் காணப்பட்டதும் உண்மையே. இவையெல்லாம் மதிக்கத்தக்கன.

ஆயினும் இவற்றிலிருந்து, காபனீரொட்சைட்டை மாற்றும் வித்தை எம்முடையது என்னும் முடிபு பெறப்படாது. அவர்கள் நாடியது நோய் தீர்த்தலை, வாயுவை அன்று. அவ்வாயுவைத் தனிப்பொருளாகப் பிரித்தறிந்ததற்கும் நிறுத்ததற்கும் அந்நூல்களிற் சான்றில்லை. புடத்தில் எரிந்த உலோகம் பெரும்பாலும் ஒட்சைட்டாகவோ சல்பைட்டாகவோ ஆகின்றது. வேப்பிலைச் சாற்றிற் பிறந்ததோ உலோகமாகவே நிற்கின்றது. அளவில் ஒத்தமையால் இரண்டும் ஒன்றாகிவிடா. முன்னோர் செய்ததை அவர்கள் செய்ததாகவே போற்றுதல் பெருமை. அவர்கள் செய்யாததை அவர்கள்மேல் ஏற்றுதல் அவர்தம் உண்மையான உழைப்பை மறைப்பதாகும்.

மீண்டும் எல்மொன்றின் தொட்டி

இப்பிழை எமக்கு மாத்திரம் உரியதன்று. இக்கால ஆய்வாளரும் அதிலிருந்து தப்பினாரல்லர். ஓர் ஊக்கியின்மேற் காபனீரொட்சைட்டைச் செலுத்தி, வெளிவரும் வாயுவிற் சிறிது காபனோரொட்சைட்டைக் கண்டவுடன், "மாற்றிவிட்டோம்" என்று மகிழ்தல் எளிது. அக்காபன் எங்கிருந்து வந்தது? துகளை ஆக்கும்போது எஞ்சிய சேதனப் பொருளிலிருந்து வந்திருத்தலும் கூடுமன்றோ? இலைச்சாறு போர்த்த துகளில் இவ்வையம் மேலும் வலுக்கின்றது. போர்வையே காபனால் ஆயது. 2010ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் சிலர், செம்பு சேர்த்த தைத்தேனியம் ஈரொட்சைட்டின்மேல் ஒளியைச் செலுத்தி, காபன்–13 அடையாளமிட்ட வாயுவைக் கொண்டு சோதித்தனர். விளைந்த காபனோரொட்சைட்டின் காபனில் ஊக்கியின்மேல் எஞ்சியிருந்த காபனுக்கும் பங்குண்டு என்பது வெளிப்பட்டது. எல்மொன்று காற்றை மறந்தார். இவர்களுக்கு முன்னோர் சிலர் அழுக்கை மறந்தனர். இன்று அடையாளமிட்ட காபனாற் சோதியாத முடிபைக் கவனமுள்ள இரசாயனவியலார் எளிதில் ஏற்பதில்லை. கல்வின் இலையின் வழியைக் காண்பதற்குக் கையாண்ட உபாயமே, உலோகத்தின் கூற்று மெய்யோ பொய்யோ என்பதைத் தீர்க்கும் நிறைகோலாயிற்று.

வரவும் செலவும்

ஆய்வுகூடத்துக்கு வெளியேயும் இக்கணக்கு வேண்டும். 1958இல் அவாய்த் தீவில் கீலிங்கு என்பவர் அளக்கத் தொடங்கியபோது காற்றின் பத்திலட்சம் பகுதிகளில் ஏறக்குறைய 315 பகுதியாயிருந்த காபனீரொட்சைட்டு இன்று 420க்கு மேற் சென்றுவிட்டது. இதில் எம் பங்கு சிறிதாயினும் இல்லையென்பதற்கில்லை. காங்கேசன்துறையில் 1950 முதல் 1990 வரை இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலை, குடாநாட்டுச் சுண்ணக்கல்லையே சுட்டது. பிளாக் நிறுத்த வாயு அக்கல்லினின்றும், அதனைச் சுட்ட எரிபொருளினின்றும் இருவழியாக வெளியேறிற்று.

எமக்கு எதிர்க்கரையாகிய தூத்துக்குடியில், சோடா உப்பு ஆக்கும் ஆலையொன்றிலே நிலக்கரிக் கொதிகலத்தின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 தொன் காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் ஏற்பாடு 2016இற் செய்யப்பட்டது. அது வாயுவை உப்பில் அடக்கும் முறை. வேண்டிய சத்தி குறைவு. வாயுவை எரிபொருளாக்குவதோ பெருஞ்சத்தி வேண்டுவது. ஐசுலாந்து நாட்டில் 2012 முதல் நிலத்தடி வெப்பத்தினாற் பெற்ற மின்னைக் கொண்டு ஐதரசனைப் பிரித்து, அதனைக் காபனீரொட்சைட்டுடன் சேர்த்து மெதனோல் ஆக்கும் ஆலை அமைந்தது. அந்நாட்டில் நிலத்தடி வெப்பம் மலிந்திருத்தலினாலேயே அது இயன்றது. பெங்களூர் நகரத்து சவகர்லால் நேரு உயர்நிலை விஞ்ஞான ஆய்வு மையத்திலும் மெதனோல் ஆக்கும் ஊக்கிகள் ஆராயப்பட்டு வருகின்றன. நிலக்கரியை எரித்துப் பெற்ற மின்னால் இத்தொழிலைச் செய்தால், பிடித்த வாயுவினும் விட்ட வாயு மிகும். அது தோட்டத்துக்கு இறைத்த நீரை வாய்க்காலில் இழப்பது போலாகும். பளையிற் காற்றாலைகள் சுழல்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி எமக்கு வெயிலுக்குக் குறைவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியல் துறையிற் சூரிய கலங்கள் பற்றிய ஆய்வு நடைபெறுகின்றது. எனவே சீதனத்துக்கு வழி இங்கு அறவே இல்லையெனல் பொருந்தாது. தரகரையும் சீதனத்தையும் ஒருங்கே எண்ணவேண்டும் என்பதே கூறவந்தது.

முடிவுரை

அமெரிக்க மிசன் மருத்துவர் இசுக்கடர் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி தொடங்கியது 1820இல். அம்மிசனைச் சேர்ந்த மருத்துவர் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் முயற்சியால் "கெமிஸ்தம்" என்னும் இரசாயன நூல் 1875இல் தமிழில் வெளிவந்தது. ஆகவே இவ்வறிவு எம்மொழிக்கு எட்டாதது என்று சொல்வதற்கும் இடமில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே எம்மவர் கையிற் கிடைத்த சாவி அது. அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மகிழ்ந்தோமன்றிக் கதவைப் போதிய அளவு திறந்தோமில்லை.

என் மாணவனுக்கு யான் சொல்லும் விடை இதுவே. தம்பி, அந்த வித்தை சித்தருடையதுமன்று, மேனாட்டாருடையதுமன்று. முதலில் அது இலையினுடையது. இலையிடமிருந்து கற்றவர்கள், கற்றதை நிறுத்துப்பார்த்தவர்கள். பிழைபட்டவர்களும் தாம் நிறுக்க மறந்த இடத்திலேயே பிழைபட்டனர். பரியாரியார் தம் பற்பத்தை விரல் இரேகையில் வைத்துச் சோதித்தாரே, அந்தச் சோதிக்கும் குணத்தை நீ அவரிடமிருந்து பெற்றுக்கொள். அதுவே அவர் உனக்கு வைத்துச்சென்ற முதுசொம். வேம்பு உன் வளவில் நிற்கின்றது. நிறைகோல் பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்கின்றது.